யாரும் தொடாத போன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலருக்கு முதலில் கைக்கு வரப்போகும் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். பக்கம் நம் சர்வரில் இருக்கும். அதைப் பார்க்கிறவர் லாகின் செய்தவரா இல்லையா என்ற விவரம் வேறொருவர் சர்வரில் இருக்கும். நம் பக்கம் அங்கே உள்ள ஒரு ஸ்கிரிப்ட்டை அழைத்து, 'இவர் உள்ளே இருக்கிறாரா?' என்று கேட்கும். ஆம் என்று பதில் வந்தால் பொத்தான்களைக் காட்டும். இல்லை என்று வந்தால் மறைக்கும். எழுதுவது எப்படி என்று ஷர்மிளா உங்களுக்குச் சொல்லித் தருவார். அந்தக் கேள்வி ஒரு வீட்டை ஒரு பகல் முழுக்கப் படுத்திய பாட்டை மட்டும் நான் சொல்கிறேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. திருச்சியில் ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் துணையாசிரியராக இருந்துவிட்டு, தில்லைநகரில் இருந்த இந்த நிறுவனத்துக்கு வந்தேன். பக்கங்களில் வரும் வாசகங்களைத் திருத்துவதும், கோபமாக வரும் போன்களை எடுப்பதும் என் வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

அப்போது காந்தி மார்க்கெட் பக்கத்து வாழைக்காய் மண்டிக்காரர்களின் சங்கம் ஒன்று எங்கள் வாடிக்கையாளராக இருந்தது. காலையில் வந்து இறங்கும் வாழைத்தார்களை மண்டிக்காரர்கள் நாங்கள் செய்துகொடுத்த பக்கத்தில் ஏற்றுவார்கள். வெளியூர் வியாபாரிகள் விலை சொல்வார்கள். மண்டிக்காரர் 'ஒப்புதல்' என்ற பொத்தானை அழுத்தினால் சரக்கு அந்த வியாபாரிக்கு. ஏலம் முடிவதற்குள் அழுத்தாவிட்டால் சொன்ன விலை கலைந்துபோகும். உறுப்பினர்களின் லாகின் கணக்குகளை மட்டும் வெளியூர் நிறுவனம் ஒன்று பார்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் நிமிடத்துக்கு ஒரு முறை அவர்களுடைய ஸ்கிரிப்ட்டை அழைத்து, இவர் இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளும்.

மண்டிக்காரர்கள் லாகினை ஆளுக்கு ஒன்றாக வாங்குவதில்லை, கடைக்கு ஒன்று. அப்பா, மகன்கள், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். உரிமம் கடையின் பேரில், ரசீது கடையின் பேரில், லாகின் மட்டும் ஏன் ஆள் பேரில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். சங்கத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதனால் எங்களுக்கும் அது தெரியாது.

ஒரு கடையில் வேலையை விட்டுப்போன ஒருவர் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஏலத்தில் விளையாடிவிட்டார் என்று புகார் வந்தது. சங்கம் கெடுபிடி செய்தது. இனி ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம், கடைசியாக நுழைந்தவருக்கு இடம், முன்னால் இருந்தவர் வெளியே என்று வெளியூர் நிறுவனம் விதியை மாற்றியது. வெளியே வந்தவருக்குத் திரையில் ஒரு வாசகம் தோன்றும்: 'உங்கள் கணக்கில் வேறொருவர் நுழைந்துள்ளார். நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.'

விதி மாறிய முதல் வாரத்திலேயே ஒரு காலையில் ஷர்மிளாவுக்குப் போன் வந்தது. அவர் அப்போது எங்களிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேசியவர் பாலு. அண்ணன் செல்வராஜும் அவரும் சேர்ந்து அப்பா விட்டுப்போன மண்டியை நடத்துகிறார்கள். எடமலைப்பட்டி புதூரில் ஒரே வீடு, கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி.

"ஏங்க, திருவெள்ளறையிலேர்ந்து நேந்திரன் ஒரு லோடு வந்து நிக்குது. கேரளாக்காரர் நல்ல விலை சொல்லியிருக்கார். நான் ஒப்புதல் குடுக்கப் போனா வெளிய தள்ளுது. திரும்ப உள்ள வந்தா மறுபடி தள்ளுது. நாலஞ்சு தடவை ஆயிருச்சு, ஏலமும் முடிஞ்சுபோச்சு. யாருங்க உள்ள வர்றது? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

ஷர்மிளா பதிவைப் பார்த்தார். அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதே கடைக் கணக்கு, அதே கருவி; அதன் பெயர் 'செல்வராஜ் போன்' என்று இருந்தது. நேரே 'உள்நுழைவு' என்று எழுதியிருந்தது.

"உங்க அண்ணன் போன்லேர்ந்துதாங்க வந்திருக்காங்க."

பாலு, "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்கு முன் மறுபடி அழைத்தார். இந்த முறை போன் என்னிடம் வந்தது.

"மேடம், அந்தப் பொண்ணு சொன்னதை கம்பெனி லெட்டர்ல எழுதிக் குடுங்க. இத்தனை தடவை எங்க அண்ணன் போன்லேர்ந்து நுழைஞ்சிருக்காங்கன்னு. சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு."

"எதுக்குங்க?"

"சாயந்திரம் மாமா வர்றார். பாகம் பிரிக்கச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்."

அவரைப் பேச விட்டேன். போன வாரம் இந்தக் கேரள வியாபாரி விஷயமாகவே அண்ணன் தம்பிக்குள் சண்டை. முன்பின் தெரியாத ஆளுக்குச் சரக்கு அனுப்பக் கூடாது என்று செல்வராஜ் சொல்லியிருக்கிறார். பாலு எதிர்த்துப் பேச, சுமைதூக்குகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இனிமே லாகின் என் கையில மட்டும் இருக்கட்டும்' என்று கத்திவிட்டார். மறுநாள் அதை மறந்தும் விட்டார். பாலு மறக்கவில்லை.

"இன்னைக்கு எங்க அப்பா திதி மேடம். அண்ணன் காவிரிக்கரை அம்மா மண்டபத்துல உக்காந்து திதி குடுக்கறார். சரக்கு காத்திருக்காதேன்னு நான் கடையில இருக்கேன். நான் அத்தனை தடவை போன் அடிக்கறேன், எடுக்கல. ஆனா லாகின் பண்ணி என்னைத் தள்ள மட்டும் நேரம் இருக்கு. அப்பா திதி அன்னைக்கு மேடம்! இனிமே அவர் எனக்குச் சேர்த்துக் குடுக்க வேணாம். நான் தனியாவே குடுத்துக்கறேன்."

இந்தக் கடைசி வார்த்தையின் எடை உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பாகம் பிரியாத அண்ணன் தம்பிகள் என்றால் அப்பாவுக்கு மூத்தவர் திதி கொடுத்தால் போதும், அது எல்லோருக்கும் சேரும். பாகம் பிரிந்துவிட்டால் ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தம்பி சொன்னால், கடை, வீடு, நிலம் எல்லாம் இரண்டாகட்டும் என்று அர்த்தம்.

நான் எங்கள் உரிமையாளரிடம் போனேன். நிதானமான மனிதர். பதிவை ஒரு முறை பார்த்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லியே மேடம். இருக்கறதை இருக்கறபடி எழுதிக் குடுத்துருங்க. அவங்க குடும்பத்துக்குள்ள நாம போக வேண்டாம்."

அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'செல்வராஜின் போனிலிருந்து இத்தனை முறை உள்நுழைவு பதிவாகியுள்ளது' என்று ஒரு வரி. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சாயந்திரம் மாமா அதை வாசிக்கும்போது அங்கே இருப்பவர்கள் காதில் விழப்போவது, 'அப்பாவுக்குத் திதி கொடுக்கும்போது அண்ணன் தம்பியை வெளியே தள்ளினான்' என்பதுதான். அந்த வாக்கியத்தை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். கீழே கையெழுத்து மட்டும் எங்களுடையதாக இருக்கும்.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தால், ஆதாரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அவர் தரப்பைக் கேட்காமல் அச்சுக்குப் போகாது. பல நாட்கள் அது வெறும் சடங்கு, 'நான் செய்யவில்லை' என்று ஒரு வரி வரும், கடைசிப் பத்தியில் போடுவோம். எப்போதாவது ஒரு நாள் செய்தியே தலைகீழாகும். எது அந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லா நாளும் கேட்போம்.

"ஒரு தடவை அந்த அண்ணன்கிட்ட கேட்டுட்டு எழுதறேன்" என்றேன்.

"கேளுங்க. ஆனா சாயந்திரத்துக்குள்ள அவருக்குப் பதில் போயிடணும்" என்றார் உரிமையாளர்.

செல்வராஜுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன்.

கதவைத் திறந்தது செல்வராஜின் மனைவி. வீட்டுக்குள் எள்ளுருண்டையும் வடையும் மணத்தன. நான் போன் செய்தபோது படையல் நடந்துகொண்டிருந்தது என்றும், இப்போது காக்கைக்குச் சோறு வைத்தாயிற்று என்றும், தம்பி சாப்பிட வரட்டும் என்று எல்லோரும் பட்டினியாகக் காத்திருப்பதாகவும் சொன்னார். செல்வராஜ் கூடத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். பாலு கேட்ட கடிதத்தைப் பற்றியும் மறைக்கவில்லை.

அவர் முகம் சுருங்கியது.

"என்மேல லெட்டரா?"

"இன்னும் குடுக்கலைங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"நான் என்ன சொல்றது? அவன் என்கிட்ட கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்ககிட்ட கேட்டிருக்கான், மாமாகிட்ட சொல்லியிருக்கான். முடிவு பண்ணிட்டவன்கிட்ட என்னத்தைச் சொல்ல? எழுதிக் குடுத்துருங்க, போங்க."

கோபத்தில் இருப்பவரிடம் தகவல் வாங்கலாம். மனம் விட்டுப்போனவரிடம் வாங்க முடியாது. நான் பேச்சை அவர் மனைவி பக்கம் திருப்பினேன்.

"காலையில போன் அடிச்சப்ப நீங்க வீட்லதான் இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம். அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் குளிச்சு விரதச் சமையல் பண்ணிக்கிட்டிருந்தேன், இடையில அதையெல்லாம் தொட முடியுமா?"

"போன் இங்கயா இருந்துச்சு?"

"பின்ன? திதிக்குப் போறப்ப யாரு போன் எடுத்துட்டுப் போவாங்க? ஈர வேட்டியில எங்க வச்சுக்கறது? அதோ, நேத்து ராத்திரி சார்ஜுல போட்டது. அப்படியேதான் இருக்கு."

டிவி பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் போன் சார்ஜில் கிடந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் ஏலப் பக்கம் திறந்திருந்தது. மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி; அது தெரிந்தால் லாகின் இருக்கிறது என்று பொருள்.

"இது எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்குமாங்க?"

"ஏலம் பார்க்கறப்ப பாதியில அணைஞ்சு போகுதுன்னு கத்துவார். சார்ஜுல இருந்தா அணையாத மாதிரி கடையில யாரோ வச்சுக் குடுத்தாங்க" என்றார் அவர்.

நான் ஸ்டூலிலிருந்து விலகி நின்று ஷர்மிளாவை அழைத்தேன்.

"அந்தக் கடையோட பதிவைத் திறந்து வச்சுக்கம்மா. கடைக்குப் போன் போட்டு, கணக்குப்பிள்ளையை கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணச் சொல்லு. அப்புறம் என்ன வருதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இரு."

காத்திருந்தோம். செல்வராஜ் தலையைத் திருப்பவில்லை. அவர் மனைவி மட்டும் முந்தானையால் கையைத் துடைத்தபடி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடைக் கம்ப்யூட்டர் உள்ள வந்துருச்சு மேடம்" என்றார் ஷர்மிளா. ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு, "மேடம், செல்வராஜ் சார் போன்லேர்ந்து உள்நுழைவு. கடை வெளிய போயிருச்சு. அவர்கிட்ட பேசிட்டீங்களா? இப்பக்கூட பண்றாரே!"

"அவர் சோபாவுல உக்காந்திருக்கார். போன் ஸ்டூல்ல இருக்கு. யாரும் தொடலை."

ஷர்மிளா கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அவர் கெட்டிக்காரர், என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"மேடம், நம்ம பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தரம் கேக்குதுல்ல, உள்ள இருக்காரான்னு? அந்தப் போன்ல 'என்னை நினைவில் வை'ன்னு டிக் பண்ணியிருக்காங்க போல. அதனால அந்த ஸ்கிரிப்ட் பதில் சொல்றதோட நிக்காம, வெளிய இருந்தா தானே உள்ளயும் உக்கார வச்சுடுது. பழைய விதியில அது யாரையும் பாதிக்கல. இப்ப ஒருத்தருக்குத்தான் இடம்ங்கறதால, இது உக்காந்தா அது எழுந்திருக்கணும். கடைக் கம்ப்யூட்டர்ல டிக் பண்ண வேண்டாம்னு சங்கமே சொல்லியிருக்கு. அதனால எப்பவும் கடைதான் தோக்கும்."

நாங்கள் கேள்வி என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தது, போய்ச் சேரும் இடத்தில் ஒரு செயலாக மாறிக்கொண்டிருந்தது. பதிவில் இருந்த 'உள்நுழைவு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு விரல் இருந்தது என்று ஷர்மிளா நினைத்தார், பாலு நினைத்தார், உரிமையாளர் நினைத்தார், அதுவரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் பிடிபட்டதும் அதை எழுதி பாலுவுக்கு அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. காலையில் அண்ணன்தான் என்று சொன்ன அதே கம்பெனி, மதியம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து அண்ணன் இல்லை என்று சொன்னால் எந்தத் தம்பி நம்புவார்? பாலுவுக்குப் போன் செய்தேன்.

"லெட்டர் ரெடியாங்க?"

"நீங்க வீட்டுக்கு வாங்க பாலு. நான் ஒண்ணு காட்டறேன். பார்த்துட்டு நீங்க என்ன எழுதச் சொல்றீங்களோ, அதை உங்க முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"எங்க அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"அவர் ஒண்ணுமே சொல்லல. எழுதிக் குடுத்துருங்கன்னுதான் சொன்னார்."

அதுதான் அவரை வரவைத்தது என்று நினைக்கிறேன்.

பாலு ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தும்போதே பின்னால் ஒரு ஆட்டோவும் வந்து நின்றது. ஸ்ரீரங்கத்திலிருந்து தாய்மாமன். சாயந்திரம் என்று சொல்லியிருந்தும் மனசு கேட்காமல் முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டார். தடித்த உடம்பு, கையில் விசிறி. உள்ளே வந்ததும் யாரையும் பார்க்காமல், "முதல்ல தண்ணி குடும்மா" என்றார்.

அண்ணனும் தம்பியும் கூடத்தின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். நான் ஸ்டூலைச் சுவரோரத்திலிருந்து கூடத்து நடுவுக்கு, ஒயர் எட்டும் தூரம்வரை இழுத்து வைத்தேன்.

"கடைக்குப் போன் போட்டு, கணக்குப்பிள்ளையை லாகின் பண்ணச் சொல்லுங்க பாலு. ஸ்பீக்கர்ல போடுங்க. இந்தப் போனை யாரும் தொடக் கூடாது, கிட்டயும் வர வேண்டாம்."

பாலு போட்டார். அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

"கையைத் துண்டுக்குள்ள வச்சிருக்காரே!"

"கட்டிக்கவாடா?" என்று செல்வராஜ் துண்டை விலக்கி, பள்ளிக்கூடத்துப் பையன்போல மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்.

மாமா விசிறியை நிறுத்திவிட்டு ஸ்டூலையே பார்த்தார். கடைப் போனில் மண்டியின் இரைச்சலும் யாரோ லாரிக்காரரோடு தகராறு செய்வதும் கேட்டது. பிறகு கணக்குப்பிள்ளையின் குரல்:

"சின்ன முதலாளி, தள்ளிடுச்சுங்க! பெரியவர் மறுபடி உள்ள வந்துட்டாரு!"

பெரியவர் கையைக் கட்டியபடி நின்றார்.

"யாருடா வந்தது?" என்றார் மாமா.

பாலு ஸ்டூலுக்குக் கிட்டே போய்க் குனிந்து பச்சைப் புள்ளியைப் பார்த்தார். "இன்னொரு தடவை போடுய்யா" என்றார் போனில். கணக்குப்பிள்ளை போட்டார். மறுபடி தள்ளியது. மூன்றாவது முறை கணக்குப்பிள்ளைக்கே பொறுமை போய், "எத்தனை தடவைங்க அடி வாங்கறது?" என்றார். முதலில் சிரித்தது அண்ணிதான். வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நான் நடந்ததை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னேன்.

"அப்ப நான் போன் அடிச்சதெல்லாம்?" என்றார் பாலு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"அப்பாவுக்கு எள்ளுத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தேன்டா" என்றார் செல்வராஜ். "உனக்கும் சேர்த்துத்தான்."

பாலு தரையைப் பார்த்தார். காதுமடல் வரை சிவந்திருந்தது. "கேட்டிருக்கணும்ணே" என்றார்.

"அந்த லோடு என்னாச்சு?" என்றார் செல்வராஜ்.

"லாரியிலயே நிக்குது. சாயந்திரம் உள்ளூர்ல விலை போனது போகட்டும்னு விட்டுட்டேன்."

"கேரளாக்காரர் நம்பரைக் குடு."

செல்வராஜ் ஸ்டூலிலிருந்து தன் போனை எடுத்தார். அன்று காலையிலிருந்து ஒரு கை அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. யாருக்குச் சரக்கு அனுப்பக் கூடாது என்று சத்தம் போட்டாரோ அந்த ஆளிடமே பேசினார். இன்று எங்கள் அப்பா திதி, அதனால் நேரத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை, தம்பி ஒப்புக்கொண்ட விலைதான், லாரி இப்போதே கிளம்பும் என்றார். அந்தப் பக்கம் சம்மதித்துவிட்டார்கள். அவர் போனை வைத்தபோது பாலு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என்னுடையதும் அதோடு கலந்திருக்கலாம்.

இலை போட்டார்கள். என்னை விடவில்லை. மாமாவுக்கு ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி. அண்ணி அவர் இலையில் பாயசம் ஊற்றும்போது மாமா, "பாகம் பிரிக்கன்னு வரச்சொல்லிட்டுப் பாயசம் ஊத்தறீங்க. ஆட்டோ காசாவது குடுப்பீங்களா?" என்றார்.

"பாலு, உங்களுக்கு லெட்டர் எழுதணுமா?" என்றேன்.

"மேடம், வடை வச்சுக்கங்க" என்றார் அவர்.

மாலை அலுவலகத்துக்குத் திரும்பியபோது உரிமையாளர் ஷர்மிளாவின் மேஜை அருகே நின்றிருந்தார். லாகின் சோதனையையே எடுத்துவிடலாமா என்பது அவர் யோசனை. பயந்த நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எடுத்துவிட்டால் காலை ஏலத்தில் யார் வேண்டுமானாலும் யார் கடை பேரிலும் ஒப்புதல் அழுத்தலாம். அப்படியே விட்டாலும் இன்னொரு மண்டியில் இன்னொரு அண்ணன் தம்பி முட்டிக்கொள்வார்கள். ஷர்மிளா நடுவழி சொன்னார். நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பதை இன்றே நிறுத்துவோம். யாராவது ஒப்புதல் பொத்தானை அழுத்தும்போது மட்டும் கேட்போம். அப்போது அழுத்துகிற கை ஒன்று நிச்சயம் இருக்கும். இருட்டுவதற்குள் அதைச் செய்து முடித்தார். வெளியூர் நிறுவனத்துக்கு நான் கடிதம் எழுதினேன்: எங்கள் பக்கம் கேட்டால் பதில் மட்டும் சொல்லுங்கள், கேட்டவரை உள்ளே கூட்டிப்போகாதீர்கள். அவர்கள் ஒரு மாதம் கழித்து மாற்றினார்கள்.

என் பங்குக்கு வாசகங்களை மாற்றினேன். பதிவில் 'உள்நுழைவு' என்று பொதுவாக இருந்ததை, பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்தது வேறு, பக்கம் தானாகக் கேட்டது வேறு என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். திரையில் 'வேறொருவர் நுழைந்துள்ளார், நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்' என்பதை எடுத்துவிட்டு, 'இந்தக் கணக்கு இன்னொரு கருவியில் திறந்திருக்கிறது' என்று போட்டேன். இன்னொரு கருவி திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒருவர் இருக்கிறாரா, இருந்தால் என்ன நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு அறிவிப்பையும் அனுப்புவதற்கு முன், அதைச் சண்டைக்கு மறுநாள் காலையில் வாசிக்கப்போகிற ஒருவரின் கண்ணால் ஒரு தடவை வாசியுங்கள். உள்ளே நுழைந்தது யார் என்று வாடிக்கையாளர் கேட்டால், பதிவில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், அதில் எது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷர்மிளா இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். "போன் தெரியுதுங்க, ஆள் தெரியல" என்று அவர் யாரிடமோ பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. கடைக்கு ஒரு லாகின் என்பதே தொல்லை, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். புத்தகப்படி அதுதான் சரி. பழக்கிப் பார்க்க முதல் கடையாக அந்த அண்ணன் தம்பி கடையையே எடுத்துக்கொண்டோம். எங்களைவிட அவர்களுக்குத்தானே அதன் அருமை தெரியும்.

ஷர்மிளா கடைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். நானும் உரிமையாளரும் பக்கத்தில் இருந்தோம். திட்டத்தை அழகாக விளக்கினார். அண்ணனுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். தம்பிக்கு வேறு. யார் எப்போது என்ன செய்தார் என்று தனித்தனியாகத் தெரியும். இனிமேல் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டியதே இல்லை.

"தனித்தனியாவா?" என்றது மறுமுனை. "வேணாங்க. கடை ஒண்ணுதானே? ஒண்ணாவே இருக்கட்டும். ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல உள்ள இருக்கற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க."

முடியும் என்றார் ஷர்மிளா, கொஞ்சம் கூடுதல் வேலை. பிறகு எதிரே இருந்த தாளில் குறித்துக்கொள்வதற்காக, குரலை வைத்து அண்ணனா தம்பியா என்று பிடிபடாமல், "இப்ப பேசறது யாருங்க?" என்று கேட்டார்.

"கடையிலேர்ந்துதாங்க பேசறோம்" என்று பதில் வந்தது.